முதன்மை ஆசிரியர் தேவை, படித்துப் பார்க்க வேண்டியதில்லை

ஆள் தேடும் வேலையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த உண்மை ஒன்று உண்டு: வேண்டாத ஆள் எப்போது போனாலும் வீட்டில் இருப்பார், வேண்டிய ஆள் எப்போது போனாலும் இப்போதுதான் வெளியே போயிருப்பார். நீங்களும் குழாய் சரிசெய்ய ஆள் தேடியிருப்பீர்கள், கல்யாணத்துக்குச் சமையல்காரர் தேடியிருப்பீர்கள். நான் தேடியது ஒரு முதன்மை ஆசிரியரை. அதுவும் இளங்கலை மாணவர்கள் எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரைகளை வெளியிடும் இதழுக்கு. இதே வேலையில் அலைந்து செருப்புத் தேய்ந்தவர்கள் யாராவது இருந்தால் கையைக் கொடுங்கள், மற்றவர்கள் கேட்டுவிட்டாவது போங்கள்.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு தனியார் கல்லூரியில் நான் விலங்கியல் உதவிப் பேராசிரியர். ஒவ்வொரு ஜூன் மாதமும் என் வேலையைப் புதுப்பிப்பார்கள், அல்லது புதுப்பிக்காமல் விடுவார்கள். கல்லூரியைத் தரம் பார்க்க ஒரு குழு வரப்போகிறது, அதற்குள் மாணவர் ஆராய்ச்சி இதழ் ஒன்று அச்சாகி மேசைமேல் இருக்க வேண்டும் என்று முதல்வர் கூட்டத்தில் சொன்னார். இதழுக்குப் பதிவு எண் வாங்க வேண்டுமென்றால், முனைவர் பட்டம் பெற்ற வெளியாள் ஒருவர் முதன்மை ஆசிரியராக ஒப்புதல் கடிதம் தர வேண்டும். கட்டுரைகள் பன்னிரண்டு வந்துவிட்டன, ஆசிரியர்தான் பாக்கி. எல்லோரும் குனிந்து குறிப்பெடுப்பதுபோல் இருந்தார்கள். நான் மட்டும் நிமிர்ந்து பார்த்துத் தொலைத்தேன். முதல்வர் சொன்னார்: “அப்ப நீங்களே பாத்துடுங்க சார்.”

மல்லாட்டைப் பூச்சி

பதினொரு கட்டுரைகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பன்னிரண்டாவது ஸ்டெல்லாவுடையது. மூன்றாம் ஆண்டு விலங்கியல், கண்டமங்கலம் பக்கம் ஊர், அப்பா புதுச்சேரியில் ஒரு தொழிற்சாலையில் சுமை ஏற்றுகிறார். பதினைந்து துணிப்பைகளில் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையைப் போட்டு, ஐந்தில் வேப்பிலை, ஐந்தில் வசம்பு, ஐந்தில் ஒன்றும் போடாமல் கட்டி வைத்தாள். ஆறு மாதம், சனிக்கிழமை தவறாமல் வந்து, ஒவ்வொரு பையையும் வெள்ளைத் துணியில் கொட்டிப் பூச்சியை எண்ணினாள். வேப்பிலை போட்ட பையிலும் ஒன்றும் போடாத பையிலும் பூச்சி கிட்டத்தட்ட ஒரே அளவுதான். அவள் அதை அப்படியே எழுதினாள். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

வெளி மாநிலத்தில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம், உதவித்தொகையோடு முதுகலை இடம் தருகிறது. அச்சான கட்டுரையோ, அச்சுக்கு ஏற்றுக்கொண்ட கடிதமோ இருந்தால்தான் நேர்முகத்துக்கே கூப்பிடுவார்கள். அந்த இடம் கிடைக்காவிட்டால் அவளுக்கு மேலே படிப்பு இல்லை. ஊர் முனையில் காலையில் வந்து நிற்கும் கம்பெனி பஸ்ஸில் அவள் அக்கா ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தாள். கடைசித் தேதிக்குள் இதழ் வந்துவிடும், கவலைப்படாதே என்று நான் வாக்குக் கொடுத்தேன். யார் கேட்டார்கள் என்னை வாக்குக் கொடுக்கச் சொல்லி? எங்கள் ஆய்வக உதவியாளர் ஏழுமலைக்கு வேறு கவலை. பூச்சி பறந்து வந்து அவர் சாப்பாட்டு டப்பாவில் விழுவதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார், முடிவைத்தான் பொறுக்க முடியவில்லை. “வேப்பிலை வேலை செய்யலன்னு எழுதிக்கினு இருக்குதே சார் இந்தப் பொண்ணு, மாரியாத்தா கோவிச்சுக்க மாட்டாளா?”

போய்விட்ட பொன்னாடை

முதலில் போனது விழுப்புரத்தில் ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர் ஒருவர் வீட்டுக்கு. எங்கள் பக்கத்தில் பெரியவர்களைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது. ஆப்பிள், சாத்துக்குடி, ஒரு பொன்னாடை. பொன்னாடையைச் சம்மதம் சொன்ன பிறகுதான் போர்த்த வேண்டும் என்று முதல்வர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். நான் பையைத் திறந்ததும் பெரியவர் தானாகவே எழுந்து நின்று தோளைக் காட்டினார். நிற்கிற மனிதரை எவ்வளவு நேரம் நிற்கவைப்பது? போர்த்திவிட்டேன். அவர் மகன் கைப்பேசியில் படமும் எடுத்துவிட்டார்.

பிறகுதான் பேச்சு ஆரம்பித்தது. இதழின் பெயர் என்ன, எந்தத் துறை, எத்தனை பக்கம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அட்டையில் தன் பெயர் எவ்வளவு பெரிதாக வரும் என்று மட்டும் கேட்டார். பிறகு உள்ளே பார்த்து மருமகளைக் கூப்பிட்டார். ஆங்கிலத்தில் முதுகலை முடித்த பெண், பாவம், கதவோரம் வந்து தலை குனிந்து நின்றது. எங்கள் கல்லூரியில் ஆங்கிலத் துறையில் இடம் எதுவும் காலி இல்லை என்றேன். நான் பழத்தையும் எடுக்காமல், பொன்னாடையையும் கேட்காமல் செருப்பை மாட்டும்போது பெரியவர் வாசல்வரை வந்து கணக்கைத் தெளிவாக்கினார். “பேரு என்னுது, வேலை எம்மருமவளுக்கு. ரெண்டும் சேந்துதான் வரும் சார், தனித்தனியா பிரிச்சுக் கேக்காதீங்க.”

கோட்டக்குப்பத்தில் மூன்று கேள்வி

அடுத்து கோட்டக்குப்பம். ஹமீது சார் வளைகுடாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பதினைந்து வருடம் வேதியியல் கற்பித்துவிட்டு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊர் திரும்பியவர். நல்ல மனிதர். பொன்னாடை இல்லாமல் போனதை அவர் கவனிக்கவே இல்லை. சமோசாவும் டீயும் வந்தன. இவர்தான் என்று என் மனம் முடிவு செய்துவிட்டது. தேடி அலைகிறவனுக்கு உட்கார நாற்காலி போட்டவர்கள் எல்லோரும் தெய்வம்தான்.

அவர் மூன்று கேள்வி கேட்டார். கட்டுரைகளை யார் மதிப்பிடுகிறார்கள்? இனிமேல்தான் ஆள் பார்க்க வேண்டும் என்றேன். மாணவர்களின் கட்டுரைக்கு வழிகாட்டிய ஆசிரியர்களே மதிப்பிடுவார்களா? வேறு ஆள் கிடைக்காவிட்டால் ஆமாம் என்றேன். இதுவரை எத்தனையைத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள்? ஒன்றும் இல்லை சார், எல்லாம் நம் பிள்ளைகள் எழுதியதுதானே என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இன்னொரு டீ ஊற்றிக் கொடுத்தார், குடித்து முடிக்கும்வரை ஊர்க் கதை பேசினார். பஸ் ஏற்றிவிட அவரே வண்டியில் கூட்டிவந்தார். நிறுத்தத்தில் தோளில் கை வைத்துச் சொன்னார். “தப்பா எடுத்துக்காதீங்க சார், உங்களுக்கு வேண்டியது எடிட்டர் இல்ல. வாங்கி அப்படியே குடுக்குற ஒரு தபால்காரர் போதும்.”

திண்டிவனத்தில் கிடைத்தார்

அதற்குப் பிறகு நான்கு வீடுகள். ஒருவருக்குக் கண் அறுவை சிகிச்சை. ஒருவர் அமெரிக்கா போகிறார். ஒருவர் ஏற்கெனவே ஒன்பது இதழ்களுக்கு முதன்மை ஆசிரியர், பத்தாவதின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு மறந்துவிட்டார். நான்காமவர் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அது எனக்குத் தெரியாது. பழத்தோடு போய் நின்றேன். அவர் மனைவி முகத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

அந்த அம்மாள்தான் வேதவல்லி மேடத்தின் பெயரைச் சொன்னார். அரசுக் கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவர், திண்டிவனத்தில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தங்கையோடு இருக்கிறார், எழுபது தாண்டியவர். நான் போனபோது ஈரத் தலையோடு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் உடனே சம்மதித்தார், ஒப்புதல் கடிதத்தையும் அங்கேயே எழுதிக் கொடுத்தார். கேட்டது ஒன்றே ஒன்று: கட்டுரைகள் எல்லாவற்றையும் தான் படித்த பிறகுதான் அச்சுக்குப் போக வேண்டும். கல்லூரியிலிருந்து நியமன ஆணை வரட்டும், பிறகு கட்டுரைகளைக் கொண்டுவருகிறேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஸ்டெல்லாவின் கடைசித் தேதி மனதில் ஓடிக்கொண்டிருந்தது. ஆணை பின்னால் வரும் மேடம் என்று சொல்லி, பன்னிரண்டு கட்டுரைகளையும், மாணவர்கள் அவற்றோடு நிரப்பிக் கொடுத்த படிவங்களோடு அன்றைக்கே கையில் கொடுத்தேன். என் பிழை அங்கேதான் ஆரம்பித்தது. படிப்பதற்குச் சிரமமாக இருந்தால் மேலோட்டமாகப் பார்த்தாலும் போதும் என்று வேறு சொல்லி வைத்தேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “படிக்கத்தானே தம்பி கூப்புடறீங்க? வேற எதுக்கு இவ்ளோ தூரம் வந்தீங்க?”

விழுப்புரத்தில் பனிப்பொழிவு

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார். மேசையில் ஒரு பக்கம் பதினொன்று, இன்னொரு பக்கம் ஒன்று. பதினொன்றிலும் சிவப்பு மை. விழுப்புரம் மாவட்டத்துக் கறவை மாடுகளைப் பற்றிய கட்டுரையில், பனிப்பொழிவுக் காலத்தில் தீவனம் கிடைப்பதில்லை என்று ஒரு வரி இருந்தது. இன்னொன்றின் நடுப்பக்கத்தில் வேறு மாநிலக் கல்லூரி ஒன்றின் முகவரி அப்படியே கிடந்தது. இரண்டு பேர் ஒரே கட்டுரையை எழுதியிருந்தார்கள், தலைப்பு மட்டும் வேறு. வழிகாட்டிய பேராசிரியர்கள் என்று கீழே இருந்த பெயர்களில் என் பெயரும் இரண்டு இடத்தில் இருந்தது.

தனியாக இருந்த ஒன்று ஸ்டெல்லாவுடையது. அதையும் அவர் சும்மா விடவில்லை. பூச்சியை எண்ணினாள், சரி, மல்லாட்டையில் விழுந்த ஓட்டையை எண்ணினாளா என்று கேட்டு ஒரு பக்கம் எழுதியிருந்தார். ஸ்டெல்லா மறுநாளே எல்லாப் பைகளையும் அவிழ்த்து ஒவ்வொரு காயாகத் திருப்பிப் பார்த்து எண்ண உட்கார்ந்தாள், மூன்று வாரம் ஆயிற்று. அன்றைக்கு மேடம் மற்றப் பிள்ளைகளின் மேல் கோபமாக இருப்பார் என்று நினைத்து, மன்னித்துவிடுங்கள் மேடம், திருட்டுப் பசங்க என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். “திருடல தம்பி. இந்தத் தேதிக்குள்ள ஆராய்ச்சி வந்தாவணும்னு நாமதான் வாசல்ல நின்னுக்கினு கேட்டோம்.”

பனமலையிலிருந்து ஒரு அம்மா

இங்கேதான் எங்கள் தொழிலைத் தவிர வேறு எங்கும் நடக்காத காரியம் ஒன்று நடந்தது. கட்டுரையைத் திருப்பி அனுப்பினால், எழுதியவருக்கே காரணம் காட்டிக் கடிதம் போடுவது பழைய ஆசிரியர்களின் வழக்கம். மேடம் அந்தக் காலத்து மனுஷி. படிவங்களில் இருந்த வீட்டு முகவரிக்கு, பதினொரு பேருக்கும் தன் கையால் ஆங்கிலத்தில் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டார். என்னிடம் சொல்லவே இல்லை, சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை. ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும், உன் ஊரிலேயே கண்ணால் பார்க்கிற ஒன்றை எடுத்துக்கொள், என்னை வந்து பார், நான் உதவுகிறேன் என்று எழுதியிருந்தாராம்.

கடைசி வரிவரை யார் போவார்கள்? கிராமத்து வீட்டுக்குக் கல்லூரி பெயர் போட்ட பதிவுத் தபால் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பிள்ளையை நீக்கிவிட்டார்கள். பனமலையில் ஒரு வீட்டில் கடிதத்தை உரக்கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். அவர் முதல் வரியை மட்டும் படித்து, உன் பையனை வேண்டாமென்று எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலை அந்தப் பையனின் அம்மா முதல்வர் அறை வாசலில் கடிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று குடும்பம். நான் போய் விளக்குவதற்குள் அவர் முதல்வரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டார். “ரெண்டு நாளு லீவு போட்டதுக்கா சாமி எம்புள்ளைய வேணாம்னு எழுதிட்டீங்க? மல்லாட்டை புடுங்குற நேரம், நாந்தான் நிறுத்திக்கினேன்.”

ஒரே ஒரு கடிதம்

முதல்வர் என்னை உட்காரச் சொல்லவில்லை. ஒரு கட்டுரையை வைத்துக்கொண்டு இதழ் போட முடியுமா, அந்த வேதவல்லி அம்மாவுக்கு ஆணை கொடுத்தது யார் என்று கேட்டார். யாரும் கொடுக்கவில்லை என்றேன். அப்படியானால் அவர் நமக்கு யாரும் இல்லை, போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றார். ஜூன் மாதம் நெருங்கிவிட்டதையும் ஞாபகப்படுத்தினார். எனக்கு இரண்டு பெண் குழந்தைகள். இதை ஒரு சமாதானமாகச் சொல்லவில்லை, இருந்தது என்று சொல்கிறேன்.

திண்டிவனம் போனேன். வழியெல்லாம் பாடம் பண்ணிக்கொண்டு போன வார்த்தை வாயில் வரவில்லை. குழு வந்துவிட்டுப் போகட்டும் மேடம், கொஞ்சம் நிறுத்தி வைப்போம் என்று இழுத்தேன். தங்கை கொடுத்த மோர் கையிலேயே இருந்தது. மேடம் எழுந்து போய் ஒரு உறையைக் கொண்டுவந்தார். ஸ்டெல்லா திருத்தி அனுப்பிய கட்டுரையைப் படித்துவிட்டு, அச்சுக்கு ஏற்றுக்கொண்டதாக முந்தின வாரமே தேதி போட்டு எழுதி வைத்திருந்த கடிதம். முதன்மை ஆசிரியர் என்று கீழே கையெழுத்து. அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. வாசலில் அவர் சொன்னார். “ஆர்டர் வராதுன்னு எனக்குத் தெரியும் தம்பி, நானும் இந்த வேலையில இருந்தவதானே. அந்தப் பொண்ணு கட்டுரையை மட்டும் விட்டுடாதீங்க.”

டீ ஆறுவதற்குள்

புதிய முதன்மை ஆசிரியரைத் தேட நான் எங்கும் அலையவில்லை. எங்கள் கல்லூரித் தாளாளரின் சம்பந்தி மகன் வெளிநாட்டில் இருக்கிறார், ஏதோ ஒரு முனைவர் பட்டம் வைத்திருக்கிறார். தாளாளர் அறையில் டீ வந்தது. தாளாளர் கைப்பேசியில் செய்தி அனுப்பினார். டீ ஆறுவதற்குள் சம்மதமும் கையெழுத்தும் புகைப்படமும் வந்து சேர்ந்தன. இத்தனை மாதம் நான் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனதை நினைத்துச் சிரிப்புக்கூட வரவில்லை.

பன்னிரண்டு கட்டுரைகளின் தலைப்பையும் முடிவையும் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பச் சொன்னார்கள். கட்டுரைகளை அனுப்பட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார்கள். மறுநாள் புதிய முதன்மை ஆசிரியர் குரல் பதிவு அனுப்பினார். பனிப்பொழிவு மாடுகள் உட்படப் பதினொன்றும் பிரமாதமாம். ஸ்டெல்லாவுடையதை எடுத்துவிடச் சொன்னார். முதல்வரிடம், நன்றாக எழுதப்பட்டது அது ஒன்றுதான் சார் என்றேன். இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை சொல்லவில்லை. முதல்வர் அந்தப் பதிவை எனக்கு மறுபடி ஒருமுறை போட்டுக் காட்டினார். “அந்த மல்லாட்டை மட்டும் வேணாங்க, வேப்பிலை யூஸ் இல்லன்னு ரொம்ப நெகட்டிவா முடியுது. ஸ்டூடண்ட்ஸ்னா பாசிட்டிவா எழுதணும்.”

மூன்று வரி

ஸ்டெல்லா வேதவல்லி மேடத்தின் கடிதத்தை விண்ணப்பத்தோடு வைத்து அனுப்பியிருந்தாள். இது செல்லுமா சார் என்று கேட்டபோது, செல்லும் என்று சொன்னவன் நான்தான். அந்த நிறுவனத்தில் ஒழுங்கானவர்கள் இருந்தார்கள். இந்தப் பேராசிரியைதான் உங்கள் முதன்மை ஆசிரியரா என்று கல்லூரிக்கு மின்னஞ்சலில் கேட்டார்கள். பதிலாக எழுதச் சொல்லி முதல்வர் மூன்று வரி சொன்னார்: இந்தப் பெயரில் எங்கள் இதழுக்கு முதன்மை ஆசிரியர் எவரும் இல்லை, நியமன ஆணை எதுவும் வழங்கப்படவில்லை, அந்தக் கட்டுரை எங்கள் இதழில் இடம்பெறவில்லை. மூன்றும் உண்மைதான் என்பதுதான் கொடுமை. இதழுக்கு இணை ஆசிரியர் நான்தான், கீழே என் பெயரைப் போட்டேன். கை நடுங்கியது என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள், ஆனால் நடுங்கவில்லை. ஒரு பிழை இல்லாமல் அடித்து அனுப்பினேன்.

ஜூன் மாதம் என் வேலையைப் புதுப்பித்தார்கள். அதே வாரம் மாற்றுச் சான்றிதழ் வாங்க ஸ்டெல்லா வந்தாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது, ஷிப்ட் முடித்து நேராக வந்திருக்கிறாள். நிறுவனம் அவளை நிராகரித்த கடிதத்தோடு என் மூன்று வரியையும் சேர்த்தே அவளுக்கு அனுப்பியிருந்தது. அதை மடித்துக் கையில் வைத்திருந்தாள். நான் எழுந்து நின்றேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன். அவள் தலையாட்டினாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னாள். “வேதவல்லி மேடத்துக்கு மட்டும் இது தெரிய வேணாம் சார். எனக்கு சீட்டு கெடச்சிட்டுதுன்னு சொல்லிடுங்க, பாவம், அவங்க கஷ்டப்படுவாங்க.”

இதழ் வழவழ அட்டையோடு வந்துவிட்டது, பதிவு எண்ணும் வந்துவிட்டது, குழுவும் புரட்டிப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போய்விட்டது. அதில் யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒழுங்காக எண்ணிப் போட்டது என்றால், அது பக்க எண் மட்டும்தான்.